சட்டைப் பையில் ஒரு நட்டு

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் படகுத்துறையில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'இன்னொருதடவை'. முப்பத்தைந்து வருடமாகப் படகுகளுக்கு வயரிங் செய்கிறவர். வேலையை முடித்துப் பெட்டியைத் தூக்குவார், நாலடி நடப்பார், நின்றுவிடுவார். "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடறேன்" என்று திரும்பி வந்து, ஏற்கெனவே முறுக்கிய நட்டையே மறுபடி முறுக்குவார். படகுக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் பேட்டரி மாற்றவேண்டும் என்றால் அவரைத்தான் தேடுவார்கள். கேலி செய்யவும் நம்பி ஒப்படைக்கவும் ஒரே ஆள் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

வீட்டிலும் அதே கூத்துதான். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். அவர் மனைவி தையல்காரி, வாயும் கத்தரிக்கோல் மாதிரிதான். "என்னையே மூணு தடவ பாத்துட்டுத்தானே சரின்னு சொன்னாரு, கேஸ் அடுப்ப விட்டுடுவாரா?" என்பாள்.

அவர் பிறவியிலேயே இப்படி இல்லை. இருபத்து மூன்று வயதில் ஒரு மீன்பிடிப் படகுக்கு வயர் இழுத்துக் கொடுத்துவிட்டுச் சினிமாவுக்குப் போனார். ஒரு இணைப்பு சரியாக இறுகவில்லை. தண்ணீரை வெளியேற்றும் பம்பு ஓடவில்லை. இரண்டு நாளில் படகு நின்ற இடத்திலேயே மூழ்கியது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. படகுக்காரர் திட்டவே இல்லை. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கொடிக்கம்பத்தைப் பார்த்தபடி நின்றார், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருக்கும். திட்டாமல் விட்ட பாவி மனுஷன், ஒருவனை ஆயுள் முழுக்கத் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு இரண்டு சட்டங்கள். கழற்றிய நட்டெல்லாம் சட்டைப் பைக்குள் போகவேண்டும். வேலை முடிகிறபோது பை காலியாக இருக்கவேண்டும். அது ஒன்று. கடைசியில், படகின் அடியில் இருக்கும் மிதவையைக் கையால் தூக்கிப் பார்க்கவேண்டும். தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும், எழும்பினால் பம்பு ஓடும். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்காமல் அவர் படகின் தரைப்பலகையை மூடமாட்டார்.

அவருடைய தங்கை தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவள். அவளும் அவள் கணவரும் சேர்ந்து ஒரு பழைய சின்ன மோட்டார் படகு வாங்கினார்கள். ரெண்டு படுக்கை, ஒரு ஸ்டவ், முழங்காலை மடக்கினால்தான் கதவு சாத்தும் ஒரு கழிவறை. முதல் பயணமாக ஆற்றில் மேலே போய், பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மரத்துறையில் கட்டிவிட்டு இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். தங்கைக்கு நீச்சல் தெரியாது. "அண்ணே, பேட்டரிய நீ மாத்திக் குடுத்தா மட்டும்தான் நான் ஏறுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

அன்று காலை எட்டு மணிக்கே ஆரம்பித்தார். மூன்று பேட்டரிகள். எஞ்சினைக் கிளப்ப ஒன்று. விளக்கு, ஃபிரிட்ஜ், பம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு. பழையவை வயிறு உப்பிக் கிடந்தன. மெயின் சுவிட்சை அணைத்தார். பம்புக்குப் போகும் மெல்லிய சிவப்பு வயர் மட்டும் மெயின் சுவிட்சுக்குக் கட்டுப்படாது, நேராகப் பேட்டரியிலிருந்து போகும். ஆள் இல்லாத நேரத்திலும் பம்பு ஓடவேண்டும் அல்லவா? அதனால் அந்த வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். முதலில் அதன் நடுவில் இருந்த கண்ணாடிக் குழாய் ஃபியூஸைக் கழற்றினார். பிறகு கறுப்பு வயர்கள், அப்புறம் சிவப்பு. தங்கை கணவரான மாப்பிள்ளையும் அவருமாகப் பழையதை முக்கி முனகித் தூக்கி வெளியே வைத்து, புதியதை இறக்கி, பட்டை போட்டு இறுக்கினார்கள். மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். ஒவ்வொரு முனையிலும் வாசலின் தடவினார். எஞ்சின் ஒரே தட்டில் கிளம்பியது, விளக்கெல்லாம் எரிந்தது. ஒவ்வொரு நட்டையும் நாலு தடவை முறுக்கிப் பார்த்தார்.

ஐந்தாவது தடவை குனிந்தபோதுதான் மாப்பிள்ளை சிரித்தார். "மச்சான், நீங்க பாக்குற பார்வையிலேயே நட்டு தேஞ்சுடும். விட்டா நாங்க அடுத்த வருஷம்தான் கிளம்புவோம்."

பக்கத்துப் படகில் இருந்தவர்களும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தால் அவருக்கு ஒன்றுமில்லை. தங்கை சிரித்தது சுருக்கென்றது. ஒரு நாளாவது நாமும் எல்லோரையும் போல இருந்துவிட்டுப் போவோமே என்று தோன்றியது. "எல்லாம் சரியா இருக்கு, கிளம்புங்க" என்று பலகையை மூடினார். சட்டைப் பையைத் தடவவில்லை. மிதவையைத் தூக்கிப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். முப்பத்தைந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டார். மனைவி அவருடைய சட்டையை ஊறவைக்க எடுத்து உதறினாள். சிமென்டுத் தரையில் டிங்கென்று ஒன்று விழுந்து உருண்டது. கையாலேயே முறுக்கும்படி இரண்டு காது வைத்த நட்டு. பம்பு வயரைப் பிடித்திருக்கிற ரகம்.

"ஐயோ, ஒண்ணு மாட்டாம விட்டுட்டேன்டி."

"நாலு தடவ பாத்தேன்னு சொன்னீங்க?"

"பாத்தேன். எதப் பாத்தேன்னு இப்ப தெரியலயே."

தங்கைக்குப் போன் போட்டார். அணைக்கப்பட்டிருந்தது. மாப்பிள்ளையுடையதும் அப்படியே. இரண்டு நாளைக்குப் போனே வேண்டாம் என்று இரண்டையும் பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடியதைக் காலையில் இவரே பார்த்திருந்தார். கழற்றிப் போட்ட கால்சட்டையையே மறுபடி மாட்டி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். தலைகீழாகத் திணித்ததில் அது துவாரத்தில் நுழையவில்லை. மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டாள். "பின்னால உக்காருங்க. நீங்க ஓட்டினா உங்க தங்கச்சிக்கு முன்னால நாம போய்ச் சேந்துடுவோம்."

நாற்பது நிமிடப் பாதை. படகுக்கு ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டுக்குக் கிளம்பியவர்கள் இந்நேரம் மரத்துறையில் கட்டியிருப்பார்கள். எஞ்சினிலிருந்து, தண்ணீரைத் தள்ளும் விசிறிக்குப் போகிற தண்டு படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. அந்த இடத்தில் எந்தப் படகிலும் கொஞ்சம் சொட்டும். ஓட ஓட அதிகம் சொட்டும். பம்பு ஓடினால் அது ஒரு விஷயமே இல்லை. ஓடாவிட்டால் பலகைக்கு அடியில் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும். சாப்பிட்டுவிட்டுத் தங்கை படுத்திருப்பாள், அவளுக்கு மதியத் தூக்கம் இல்லாமல் முடியாது. அல்லது அவிழ்ந்த வயர் எஞ்சினில் உரசித் தீப்பொறி பறந்தால்? படகு மூழ்குவதையும் எரிவதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பயத்துக்கு ஏது கணக்கு?

"வேகமாப் போ."

"இது ஸ்கூட்டர்ங்க, ராக்கெட் இல்ல." ஆனாலும் அவள் முறுக்கினாள். அவள் முதுகும் விறைத்துப்போயிருந்ததை அவர் கவனித்தார்.

பாலத்தில் திரும்பியதும் துறை தெரிந்தது. படகு மிதந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை மேல்தட்டில் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். போன உயிர் பாதி திரும்பி வந்தது. அவர் மரப்பலகையில் ஓடினார். லேசாகத் தூற ஆரம்பித்திருந்தது.

சத்தம் கேட்டுத் தங்கை தூக்கக் கலக்கத்தோடு உள்ளே இருந்து வந்தாள். "என்ன அண்ணே? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. தள்ளு, தள்ளு." பலகையைத் தூக்கினார்.

கறுப்பாகத் தண்ணீர், ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. பேட்டரிப் பெட்டிகளின் அடி நனைந்திருந்தது. மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. மிதவை முழுசாக எழும்பி நின்றது, பம்பிலிருந்து சத்தமே இல்லை.

அவர் மெல்லிய வயரைத் தொட்டுப் பார்த்தார். அது அதன் இடத்தில், பளபளவென்று ஒரு புது நட்டுக்கு அடியில் இறுகி இருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது: பழைய நட்டு துருப்பிடித்துவிட்டது என்று, புதுப் பேட்டரியோடு வந்த பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டியவர் அவர்தான். சட்டைப் பையில் தங்கியது அந்தத் துருப்பிடித்த நட்டு. அதில் ஒரு தப்பும் இல்லை. அப்படியானால் பம்பு ஏன் ஓடவில்லை?

தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கி மாட்டினார். மழைத்துளியில் ஒன்றும் தெரியவில்லை. துடைக்கத் துணி வேண்டும் என்று கால்சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். துணிக்கு மேலே ஃபியூஸ் கிடந்தது.

நட்டுகளோடு போட்டால் உடைந்துவிடும் என்று காலையில் அவரே அதைப் பத்திரமாக வைத்த இடம் அது. சட்டைப் பையைத் தடவிப் பார்க்க ஒரு சட்டம் இருந்தது, கண்ணாடிக் கூட்டுக்கு இல்லை. மிதவையை ஒரே ஒரு தடவை தூக்கியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

ஃபியூஸை மாட்டினார். பம்பு உறுமிக்கொண்டு கிளம்பியது. படகின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் ஆற்றுக்குள் கொட்டியது.

"நட்டு மேல தப்பில்ல" என்றார் அவர். "நான்தான் ஃபியூஸ மாட்ட மறந்துட்டேன். கடைசியா மிதவையத் தூக்கிப் பாக்கணும். பாக்கல."

"ஏன் பாக்கல?" என்று கேட்டாள் தங்கை.

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ சிரிச்சே."

மாப்பிள்ளை கையிலிருந்த செய்தித்தாளை மடித்துக்கொண்டே இருந்தார், மடிக்க இடமில்லாத அளவுக்கு. "மச்சான், ஆரம்பிச்சது நான்" என்றார். அவருக்கு அழுகை வந்தது. முப்பத்தைந்து வருடமாக அந்தப் பயத்தை ஒற்றை ஆளாகச் சுமந்தது எவ்வளவு கனம் என்று, மற்றவர்கள் முகத்தில் அதைப் பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

தண்ணீர் வடிந்து பம்பு தானாக நின்றது. அவர் பலகையை எடுக்கக் கை நீட்டினார். தங்கை அதன்மேல் கை வைத்துத் தடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"எதத் தூக்கணும்? காட்டு."

காட்டினார். அவள் எண்ணெய்ப் பிசுக்கில் விரலை விட்டு மிதவையைத் தூக்கினாள். பம்பு ஓடியது. கையை எடுத்தாள், நின்றது. பலகையை மூடலாம் என்று அவர் நினைத்த நேரத்தில் அவள் அவரைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"இரு அண்ணே" என்றாள். "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடறேன்."