முதுகில் ரெண்டு தட்டு

கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் இதில் வருகிற வீரமுத்து இன்றைக்கும் கச்சிராயபாளையத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அவரைப் போல வாயாடி அந்தக் கடைத்தெருவில் கிடையாது. இந்த ஒரு பேச்சை எடுத்தால் மட்டும் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்த வாரம். ரோட்டுக்கு ரோடு புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. வீரமுத்துவின் கூட்டாளி ஆதிமூலமும் சும்மா இருக்கவில்லை. படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் கிடந்த தம்பியைப் பார்த்துப் பார்த்து அவனுக்குள் நிஜமான கோபம் இருந்தது. கடப்பாரையோடு போய், கல்வராயன் மலைக்கு ஏறுகிற ரோட்டின் முதல் வளைவில் ஆளுயரத்துக்குப் பள்ளம் வெட்டினான். ஓரத்தில் ஒரு சைக்கிள் போகிற அளவுக்குத்தான் மண் மிச்சமிருந்தது.

மறுநாள் சேதி வந்தது. மேலே வெள்ளிமலையில் டீக்கடை வைத்திருந்த அவன் தங்கை தங்கமணிக்கு இன்றோ நாளையோ பிரசவம். வண்டி வைத்துக் கீழே கொண்டுவர வழியில்லை. புருஷன் மாயவன் பரங்கிப்பேட்டையில் ஐஸ் கம்பெனி வேலையில் மாட்டிக்கொண்டிருந்தான். தங்கச்சி வண்டி வர வேண்டிய ரோட்டை அண்ணனே வெட்டிப்போட்டிருந்தான். யாரிடம் சொல்லி அழுவது? எப்படியாவது மாயவனைக் கொண்டுவந்து உன் கண்ணில் காட்டுகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டு, வீரமுத்துவையும் முனியனையும் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினான்.

மெயின் ரோட்டில் தலைகாட்ட முடியாது. அதனால் திரும்பும்போதும் கடற்கரை மணலில் சைக்கிளை உருட்டி, வாய்க்கால் கரை, ஏரிக்கரை, களமருதூர் வயல்வரப்பு என்று சுற்றி வந்தார்கள். மாயவனிடம் சைக்கிள் இல்லை. ஆதிமூலத்தின் கேரியரில் உட்கார்ந்துகொண்டு பீடியும் பேச்சுமாக வந்தான். பிறக்கப்போகிற பிள்ளைக்கு வழியெல்லாம் பெயர் மாற்றிக்கொண்டே வந்தான். வெட்டிக் கிடந்த ஒரு ரோட்டைத் தாண்டும்போது, "மலை ரோட்ட எவன் மச்சான் வெட்டனது?" என்று கேட்டான்.

"தெரியல மாப்ள."

விஷயம் தெரிந்த வீரமுத்துவும் முனியனும் வேகமாக மிதித்து முன்னால் போனார்கள்.

டபுள்ஸ் போகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மேடு வந்தால் பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் குதிப்பான். கேரியரைப் பிடித்துத் தள்ளுவான். மேடு தாண்டியதும் ஓடிவந்து ஏறிக்கொண்டு ரெண்டு தட்டு தட்டுவான். ஓட்டுகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஹேண்டில் ஆடும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு மலையடிவாரம் வந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. நாலடிக்கு அப்பால் மூடுபனி. மாயவன் கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டான். முகம் பாதி மறைந்துவிட்டது. மற்ற இருவரும் முன்னால் போய்விட்டார்கள்.

முதல் வளைவு. முதுகில் ஒரு தட்டு. மாயவன் குதித்துவிட்டான்.

'முன்னாடி பள்ளம் கீது, ஓரமா வா.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். பள்ளம் இருக்கிற இடம் உனக்கு எப்படித் தெரியும் என்று மாயவன் கேட்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஆதிமூலம் வாயை மூடிக்கொண்டான். என் சக்கரம் போகிற வழியில்தானே வருவான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஓர மண்ணில் மிதித்தான்.

பின்னால் 'தொப்'பென்று ஒரு சத்தம். மண் சரிகிறது என்று நினைத்தான்.

அடுத்த நொடி கேரியர் அமுங்கியது. முதுகில் ரெண்டு தட்டு. அப்பாடா என்றிருந்தது.

"மேடு ஜாஸ்தி. எறங்கிக்கிறியா மாப்ள?"

பதிலுக்கு ரெண்டு தட்டு.

சரி, களைப்பு போல. மிதித்தான். கனம் தெரிந்தது. ஆனால் கால் வலிக்கவில்லை. அந்த மலையில் டபுள்ஸ் வைத்து இறங்காமல் மிதித்தவன் கிடையாது. சைக்கிள் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வளைவில் முனியனும் வீரமுத்துவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஆதிமூலம் அவர்களைத் தாண்டிப் போனான். வீரமுத்து என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மூடுபனி மூடிக்கொண்டது.

"பீடி நனஞ்சிடுச்சா மாப்ள?"

ரெண்டு தட்டு.

"பையனா பொண்ணா, இன்னா தோணுது?"

ரெண்டு தட்டு...

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கை சில்லென்று இருந்தது. சட்டையைத் தாண்டி எலும்பு வரைக்கும் சில்லென்று.

திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை.

ஏழு மணி. வெள்ளிமலை. தங்கமணி வீட்டு விளக்கு.

"எறங்கு... மாப்ள."

கனம் போனது. காலடிச் சத்தம் கேட்கவில்லை.

திரும்பினான். யாருமில்லை...

உள்ளே குழந்தை அழுதது. பக்கத்து வீட்டு அம்மா பிரசவம் பார்த்திருந்தார். பெண் குழந்தை. படுத்திருந்த தங்கமணி வாசலையே பார்த்து, "அவரு எங்கண்ணா?" என்றாள். பின்னால வந்துகினு கீறான் என்று சொல்லிவிட்டு ஆதிமூலம் வெளியே ஓடிவந்தான். கூப்பிட்டுப் பார்த்தான். தெருத்தெருவாகத் தேடினான். மற்ற இருவரும் வந்து சேரப் பத்து மணியாயிற்று. மாயவன் அவர்களோடும் இல்லை.

வீரமுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "நீ எங்கள தாண்டி போனியே... கேரியர் காலி. மாயவன் பின்னாடி நடந்து வரான்னு நெனச்சேன். ஆனா பின் டயரு மட்டும் அமுங்கி கெடந்துச்சு."

மழையில் டார்ச் அடித்துக்கொண்டு மூவரும் இறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் நின்று கூப்பிட்டார்கள். முதல் வளைவுக்கு வந்தபோது விடிந்துகொண்டிருந்தது. ஆதிமூலம் வெட்டிய பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். கொங்காணியோடு மாயவன் சாய்ந்து கிடந்தான். ஒரு கால் ஒடிந்திருந்தது. பள்ளத்துச் சுவரெல்லாம் விரலால் பிறாண்டிய தடம். உயிர் இல்லை.

ஆனால் நெஞ்சில் கை வைத்த ஆதிமூலம் அலறிவிட்டான். அந்த மழைத்தண்ணீரிலும் உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை.

அப்படியென்றால் ராத்திரி முழுக்க மாயவன் உயிரோடு இருந்திருக்கிறான். அவன் செத்து ஆவியாய் வந்தான் என்று சொல்லவும் வழியில்லை. ஆதிமூலம் வெள்ளிமலை வரைக்கும் சுமந்துகொண்டு போனது எதை? அது அந்த ரெண்டு தட்டு தட்டாமல் இருந்திருந்தால், அவன் அங்கேயே நின்று திரும்பிப் பார்த்திருப்பான்.

இறுதிச் சடங்கெல்லாம் முடிந்த பிறகு, வளைவுக்குக் கீழே கேழ்வரகுக் கொல்லையில் காவலிருந்த மலைக்காரர் ஒருவர் ஆதிமூலத்தைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அன்றைக்கு இருட்டின நேரத்திலிருந்து பள்ளத்துப் பக்கம் ஒரு குரல் கேட்டதாம். பேய் கூப்பிடுகிறது என்று பயந்து, அவர் குடிசைப் படலைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்திக்கொண்டாராம். விடியும் வரைக்கும் அந்தக் குரல் ஒரே பேச்சைத்தான் சொல்லிக்கொண்டிருந்ததாம்.

"நிறுத்து மச்சான்... நா இன்னும் ஏறல."