உப்புத் தண்ணீருக்கு ஒரு வாசல் செடி

டிங் டிங்கென்று இரும்பு கேட்டில் ஸ்கூட்டர் சாவி தட்டும் சத்தம் கேட்டால், முகம் தெரியும் முன்பே வந்த விஷயம் தெரிந்துவிடும்: வீட்டு வாசலில் வைக்க ஒரு செடி. நர்சரித் தொழில் இப்படித்தான் விடியும்.

திண்டுக்கல் பைபாஸ் ஓரத்து நர்சரி ஒன்றில் எனக்கு ராத்திரி வேலை. காவலும் நானே, தண்ணீர் பாய்ச்சுவதும் நானே. முன்பு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் நைட் ஷிப்ட். முழித்துப் பழகியவனுக்கு ராத்திரித் தூக்கம் ஒட்டாது. முதலாளி ஒன்பது மணிக்குத்தான் வருவார். அதுவரை வருகிறவர்கள் என் தலையில். செடிகளைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. சாகக் கொடுத்துத்தான் கற்றேன். ஆசையாக வைத்துக் காயவிட்டவர்களே, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியும். என் வாடகை வீட்டு வாசலில் வெறும் சிமெண்டுத் தரை.

சாயம் போகும் செடி

சின்னாளப்பட்டி நெசவுக்காரர் ஒருவர் சுங்குடித் துணித் துண்டோடு வந்தார். அந்தச் சிவப்புக்கு ஈடாகக் குரோட்டன்ஸ் வேண்டுமாம். துண்டை இலைமேல் விரித்து விரித்துப் பார்த்தார். "வெயில்ல சாயம் போகாதுல்ல?" என்றார். வெயில்பட்டால்தான் நிறம் நிற்கும், நிழலில் வைத்தால் வெளுத்துப் பச்சையாகிவிடும் என்றேன். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க பொழப்புக்கு நேர்மாறால்ல இருக்கு அப்பு!"

பாட்டில்

இந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் பாதி இடத்தில் உப்பு. அதனால் என்ன பூ பிடிக்கும் என்று நான் கேட்பதில்லை. "வீட்டுத் தண்ணிய ஒரு பாட்டில்ல கொண்டாங்க" என்பேன். நாக்கில் விட்டுப் பார்த்துச் செடி சொல்வேன். உப்பென்றால் அரளி, காகிதப்பூ. இனிப்பென்றால் மல்லி, இட்லிப்பூ. ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் நான் கொப்பளித்துத் துப்புவதையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரி வெச்ச கொழம்பையும் கொண்டாரட்டுங்களா?"

டீச்சரின் மல்லி

ரிட்டயர்டான டீச்சர் ஒருவர். கணவர் நிலக்கோட்டையில் பூக் கமிஷன் கடை வைத்திருந்தவர். சர்க்கரையில் கண் போனபின் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. "வாசல்ல பூ வாசம் அடிச்சா வாரேன்னு சொல்லியிருக்காரு, தம்பி" என்றார். பாட்டில் தண்ணீர் இனித்தது. குண்டுமல்லி இரண்டு கொடுத்தேன். ஒரே மாதத்தில் இலை ஓரமெல்லாம் கருகியது. மறுபடி பாட்டில், மறுபடி இனிப்பு, மறுபடி மல்லி. அதுவும் போயிற்று.

மூன்றாம் முறை காய்ந்த செடியை வேரோடு கொண்டுவந்தார். மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு துளி நாக்கில் வைத்தேன்; கரித்தது. பாட்டிலில் எந்தத் தண்ணீர் என்று கேட்டேன்.

"கேன் தண்ணி தம்பி. நீங்க வாயில வைக்கிறதுக்கு உப்புத் தண்ணியக் கொண்டாந்தா நல்லாவா இருக்கும்?"

மூலையில் நின்றது

உப்புக்கும் அசையாமல் வாசமும் தருவது எங்களிடம் ஒன்று உண்டு: கள்ளிமந்தாரை. கல்லறைத் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள், வெள்ளையும் மஞ்சளுமாக உதிர்ந்து கிடக்கும். அதனாலேயே வீட்டுக்கு யாரும் கேட்பதில்லை. பூவோடு மூலையில் நின்றது. அதைக் காட்ட எனக்கு மனசில்லை. டீச்சரே அங்கே போய், கீழே கிடந்த பூவை எடுத்து முகர்ந்தார். வேறு பார்க்கலாம் என்றேன்.

"அவரு அங்க போறதுக்கு முன்னாடி வாசல் வரைக்குமாவது வரட்டும். ஆட்டோல ஏத்துங்க தம்பி."

விசாரணை

போன வாரம் மறுபடி சாவிச் சத்தம். டீச்சர்தான். கையில் பாட்டில், இம்முறை நிஜமான போர் தண்ணீர். கள்ளிமந்தாரைக்குப் பக்கத்தில் அரளி வைக்கலாமா என்று கேட்க வந்தாராம். வீட்டுக்காரர் வெளியே வந்தாரா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. டீச்சரே சொன்னார்.

"வாசம் பட்டதும் செவுத்தத் தடவிக்கிட்டு வந்துட்டாரு தம்பி. வந்து, 'யாரு செத்தது?'ன்னு கேட்டாரு. யாருமில்ல, உக்காருங்கன்னு சேரப் போட்டேன். அன்னைலருந்து காலைல அங்கதான் உக்காந்திருக்காரு."

வாசல் செடியைத் தேர்ந்தெடுப்பது நாமில்லை, குழாயில் வரும் தண்ணீர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்தப் பாட்டிலை அரளித் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, பாதியில் போட்ட ஹோஸ் பைப்பை மறுபடி இழுத்தேன்.