என்னுடைய பால் காசு

பிள்ளை வளர்க்க என்ன செலவாகும் என்று கேட்டால் எல்லோரும் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மகளைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து அனுப்பியதோடு என் செலவு தீர்ந்தது என்று இருந்தேன். அவளுக்கு ஒரு பெண் பிறந்து, அது ஓடியாடத் தொடங்கிய பிறகுதான் இன்னும் ஒன்று பாக்கி இருப்பது தெரிந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேச வராது. எங்களுக்குக் கிணத்துக்கடவு பக்கம் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. காய் விற்கிற பணம் வீட்டுக்காரர் கைக்குப் போகும். எனக்கென்று எப்போதும் ஒரு கறவை மாடு இருந்தது. சொசைட்டிக்குப் பால் ஊற்றி வருகிற காசு என் கையில். அதற்கு யாரும் கணக்குக் கேட்டதில்லை. மகள் பாலிடெக்னிக் படித்ததே அந்தக் காசில்தான். இப்போது அவள் கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார் சோதிக்கும் பிரிவில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ஃபவுண்டரியில் ஷிப்ட் வேலை. அவருடைய அம்மா கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் மூக்கொழுகும் குழந்தையோடு வந்து இறங்கினாள்.

"ஏங்கண்ணு, மறுபடியும் சளியா?"

"ப்ளே ஸ்கூல்ல ஒரு கொழந்தைக்கு வந்தா எல்லாத்துக்கும் வந்துருதுங்மா. காச்சல்னா அங்க சேத்த மாட்டாங்க. நா லீவு போடோணும். லீவு போட்டா சம்பளம் போயிருது. கம்பெனி பஸ்சு லேட்டானா அதுக்கும் தனியாக் காசு. போன மாசம் தென்னமர வேசம் போட்டு உடச் சொன்னாங்க. அந்தத் துணிய வாடகைக்கு எடுத்தனுங்."

வீட்டுக்காரர் வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "தென்னமரத்துக்கு வாடகையா? இங்க நிக்கறதுல ஒண்ணப் புடுங்கீட்டுப் போயிருக்கலாமல்லோ, அம்மணி?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வேலைய உட்டுப்போடலாம்னு இருக்கறனுங்மா. சம்பளத்துல பாதி அங்கயே போயிருது. மீதிக்கு இத்தன அலைச்சல் எதுக்குங்?"

சாயந்திரம் மாட்டின் மடியில் கை வைத்தபோதுதான் யோசனை ஓடியது. குழந்தையை எங்களிடம் விட்டுப் போக அவளுக்கு மனசு வராது. அப்படியென்றால் நான்தான் போக வேண்டும். நான் போனால் மாட்டை யார் பார்ப்பது? அது என்னைத் தவிர யாருக்கும் பால் கொடுக்காது.

அவரிடம் சொன்னேன். "என்னயக் கண்டாலே அது காலத் தூக்குது. நா எப்படிப் பீச்சறது?" என்றார்.

"வித்துப்போடலாமுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மறுநாள் அவரே போய் ஆள் சொல்லிவிட்டு வந்தார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து விலை பேசினார். எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டி ஓட்டிப் போக வேண்டும். விற்றவர் வீட்டில் கயிறு இருந்தால் அதே கட்டுத்தறிக்கு இன்னொரு மாடு வரும் என்பது நம்பிக்கை. மாடு போன பிறகு கயிற்றைத் துவைத்துக் காயப்போட்டேன். கட்டுத்தறியில் மாட்டி வைக்க வேண்டியதை என் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பையை மூடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அன்றைக்கு எனக்கே தெரியாது.

மகள் வீடு சிங்காநல்லூர் பக்கம், மூன்றாவது மாடி. நான் போன பிறகு குழந்தைக்குச் சளி குறைந்தது. மகள் நேரத்துக்குச் சாப்பிட்டாள், நேரத்துக்குக் கம்பெனி பஸ் ஏறினாள். மாப்பிள்ளை நல்ல மாதிரி. ஷிப்ட் முடிந்து வந்தால் அவரே காய் நறுக்கித் தருவார். வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கை மட்டும் காலியாக இருந்தது. மாடு விற்ற பணத்தைச் சொட்டுநீர்க் குழாய் மாற்றத் தோட்டத்துக்கே கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

காரமடையில் என் தங்கை பேத்திக்குக் காதுகுத்துச் சீர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், போய்விடலாம். ஆனால் வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது? மொய் வைக்க வேண்டும், குழந்தைக்கு ஏதாவது வாங்க வேண்டும். மகளிடம் கேட்டால் கொடுத்திருப்பாள். கேட்க வாய் வரவில்லை. மூட்டு வலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். மகள் பாவம், தைலம் வாங்கி வந்து தேய்த்துவிட்டாள்.

அந்த வாரம் கீழ்வீட்டு அம்மா மேலே வந்தார். கோட்டைமேட்டில் அவர்கள் குடும்பத்துக்குத் துணிக்கடை உண்டு. அவருக்கு நாலு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள்.

"ஏனுங்மா, மத்தியானத்துக்கு மேல இவுங்க ரெண்டு பேரையும் கொஞ்சம் பாத்துக்குவீங்களா? கடையில கணக்குப் பாக்க ஆள் இல்லீங். மாசாமாசம் காசு கொடுத்துப்போடறனுங்."

"காசெல்லாம் எதுக்குங்க, சும்மா உட்டுட்டுப் போங்க."

"சும்மா எத்தன நாளைக்குங்மா உடறது? நாலு நாள் கழிச்சு எனக்கே கூச்சமாயிரும். காசு வாங்கறதா இருந்தாச் சொல்லுங்க, கூட்டியாறேன்."

காரமடைக்குப் போகாதது நினைவுக்கு வந்தது. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே ஏதோ சொன்னேன்.

"என்னங்மா? காதுல உழுகலீங்."

"சரீங்கன்னு சொன்னனுங்."

"அத இப்படியா சொல்றது! எறும்பு பேசறாப்பலச் சொல்றீங்களே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மகளுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. "என்னங்மா இது? அம்மாவ ஆயா வேலைக்கு உட்டிருக்கறாளேன்னு சொந்தத்துல பேச மாட்டாங்களா? அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ர மூஞ்சியப் பாப்பாரா? நாளைக்கே கீழ போயி வேண்டாம்னு சொல்லிப்போட்டு வாரேன்."

எப்போதும் அவள் சத்தம் போட்டால் நான் சமையலறைக்குள் போய்விடுவேன். அன்றைக்குப் போகவில்லை.

"எனக்கு மூட்டு வலி இல்ல, கண்ணு."

"என்னங்?"

"காரமடைக்கு நா மூட்டு வலின்னு போகாம இருக்கல. கையில காசு இல்ல. அதுதான்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்னக் கேட்டா நா கொடுக்க மாட்டனாங்மா?"

"கொடுப்பே சாமி. கேக்கோணுமல்ல. நீ பூ வாங்க மாப்பிள்ளையக் கேக்கறயா?"

"அவரை எதுக்குக் கேக்கோணும்? என்ர சம்பளம் இருக்குதில்ல..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள்.

"அதுக்குத்தான் உன்னய அந்தப் படிப்புப் படிக்க வெச்சது. நீ வேலைய உடக் கூடாதுன்னு மாட்ட வித்ததும் அதுக்குத்தான். எனக்கும் அப்படித்தான், அம்மணி. ஒண்ணும் பெருசா வேண்டாம்."

நான் இவ்வளவு நீளமாக அவளிடம் பேசியதே இல்லை. அவள் தைலப் பாட்டிலை எடுத்து என் முன்னால் ஆட்டினாள். "அப்ப நா தேச்சு உட்டதெல்லாம் வீணாங்மா? முக்கால் பாட்டில் போச்சே!"

மறுநாள் கீழே அவளே போனாள். வேண்டாம் என்று சொல்ல அல்ல. பிள்ளைகள் என்ன சாப்பிடும், எத்தனை மணிக்குத் தூங்கும் என்று கேட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடமும் அவளே போனில் சொன்னாள். "காசு வாங்கீட்டா?" என்று கேட்டாராம். "ஆமாங்ப்பா, பால் காசு மாதிரி" என்றாளாம். "அப்பச் செரி" என்று அவர் அதோடு விட்டுவிட்டார்.

சாயந்திரம் மூன்று பேரையும் கீழே கூட்டிப்போவதுதான் பெரிய பாடு. என் கை இரண்டு, பிள்ளைகள் மூன்று. ஒன்றைப் பிடித்தால் ஒன்று வண்டிகளுக்கு நடுவே ஓடும். அப்போதுதான் பையில் இருந்த கயிறு நினைவுக்கு வந்தது. நீளமான கயிறு. ஆளுக்கொரு முடிச்சுப் போட்டு, "இதப் புடிச்சா ரயிலு, உட்டா ரயிலு நின்னுபோகும்" என்றேன். ஒன்றுகூடக் கையை விடவில்லை.

வாட்ச்மேன் முதல் நாளே பார்த்துவிட்டார். "ஏனுங்மா, கன்னுக்குட்டிய மேய்க்கக் கெளம்பீட்டீங்களா?" என்றார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. பேத்திதான் அவருக்குப் பதில் சொன்னாள். "கன்னுக்குட்டி இல்ல, ரயிலு! எங்க அம்மாயி இஞ்சினு!"

இப்போது தினமும் அந்த ரயில் வாசல் கேட் வரைக்கும் போகும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற மகள் கடைசி முடிச்சைப் பிடித்துக்கொண்டு எங்களோடு திரும்பி வருவாள். அடுத்த விசேஷத்துக்குக் காரமடைக்கு நான் போனேன். என் காசில் மொய் வைத்தேன்.

போன வாரம் வீட்டுக்காரர் போன் செய்தார். "இந்தா, நல்ல மாடு ஒண்ணு வெலைக்கு வந்திருக்குது. கயிறு உன்ரகிட்டத்தான இருக்குது, வாங்கிப் போடட்டுமா?"

"இருக்குதுங்க" என்றேன். "புள்ளைங்க பெரிய பள்ளிக்கூடம் போகட்டும், நானே கொண்டாந்து கட்டறேன். இப்ப அந்தக் கயித்துக்கு இங்க வேல இருக்குதுங்க."