சுக்ரா அரம் வைத்த சிலிண்டர்

சுக்ராவுக்குச் சும்மா இருக்க வராது. ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் அவள் தரப் பரிசோதகர். ஷிப்ட் முழுக்க எஞ்சின் சிலிண்டர்களுக்குள் அளவு பார்க்கும் கேஜை விட்டு எடுத்து, ‘ஓகே’ அல்லது ‘ரிஜெக்ட்’ என்று ஒதுக்குவாள். பிழை மயிரிழைதான் என்று தெரிந்தாலும் அதைத் தொட்டுச் சரிசெய்ய அவளுக்கு அனுமதி இல்லை. வீடு திரும்பியதும் அந்தக் கை பரபரக்கும்.

கணவன் ஷோயப் பழைய பைக் சாமான்கள் வாங்கி விற்பவன். ஆறு வருடங்களுக்கு முன் அவன் கொண்டுவந்த, ஓடாத டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றைச் சமையல் மேடையில் வைத்துப் பிரித்து ஓட வைத்தாள். அதிலிருந்து வண்டியைச் சரிசெய்யச் சொல்லி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நன்றாக ஓடுகிற வண்டியைக்கூட அவளால் விட முடியாது. இன்னும் கொஞ்சம் சீறுமே என்று மறுபடி கழற்றுவாள்.

போன தை மாதம் ஜவளகிரியிலிருந்து சென்னகிருஷ்ணன் வந்தார். கொத்தமல்லி பயிரிடுபவர், மூட்டை ஏற்ற அந்த ஒரு பழைய வண்டிதான். சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடச் சொன்னார். சுக்ரா போட்டாள். அதோடு நிற்காமல், புகை வெளியேறும் துளையின் மேல்விளிம்பை அரத்தால் ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினாள். வேகம் கூடும் என்பதற்காகச் செய்தாள். அவரிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

பத்தாம் நாள் டீ இடைவேளையில் போனை எடுத்தால் ஷோயப்பின் நான்கு அழைப்புகள். காட்டோர ஏற்றத்தில், சுமையோடு போகும்போது எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டதாம். சென்னகிருஷ்ணன் விழுந்து முழங்காலில் அடி. பக்கத்தில் யானைகள் நிற்பதாக வனக்காவலர் சொன்னதால் வண்டியைப் போட்டுவிட்டு நொண்டியபடியே ஊர்வரை நடந்திருக்கிறார்.

வேனில் வந்த வண்டியைப் பிரித்தாள். சூட்டில் பிஸ்டன் தேய்ந்து சிலிண்டரோடு ஒட்டியிருந்தது. சென்னகிருஷ்ணன் அவளைக் குறை சொல்லவே இல்லை என்றான் ஷோயப். பெட்ரோலில் எண்ணெயைக் குறைத்துக் கலந்ததால்தான் எஞ்சின் இறுகியது என்று மனைவி கெம்பம்மாவைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாராம்.

“அவரே அப்படி நெனச்சிக்கிட்டா, நாம எதுக்கு வாயத் தொறக்கணும்?” என்றான்.

சுக்ரா டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலை அளவுக் குவளையில் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். இரண்டு நாளில் பெட்ரோல் பறந்து எண்ணெய் மட்டும் நின்றது. கலக்க வேண்டிய அளவு துல்லியமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க வேலையிடத்தில் ஒரே சிலிண்டரை இரண்டு தடவை, மூன்று தடவை அளந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக ஜவளகிரிக்கு பஸ் ஏறினாள். வாசலில் கெம்பம்மா கொத்தமல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. சென்னகிருஷ்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“எண்ணெய் சரியாத்தான் இருந்துச்சுங்கண்ணா. நான்தான் உங்களக் கேக்காம துளைய ஏத்திட்டேன். சுமையோட ஏத்தத்துல இழுக்க முடியாம, அதுலதான் சூடேறி ஜாம் ஆச்சு.”

அவர் மனைவியைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். கெம்பம்மா கட்டைக் கீழே வைத்தார்.

“பத்து நாளா என் மூஞ்சி பாத்துப் பேசலம்மா இவரு,” என்றார்.

“எனக்கு வேகம் எதுக்கும்மா? ஏத்தத்துல இழுத்தாப் போதும்,” என்றார் சென்னகிருஷ்ணன்.

அரம் தின்ற உலோகத்தைத் திருப்பி வைக்க முடியாது. அவள் வண்டிக்கென்று ஷோயப் இரண்டு வருடம் தேடிப் பிடித்துக் கொடுத்த, கை படாத சிலிண்டரை சுக்ரா சென்னகிருஷ்ணனின் வண்டியில் மாட்டினாள். இரண்டு மூட்டை கட்டி அதே ஏற்றத்தில் தானே ஓட்டிப் பார்த்தாள். பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்பினாள். மூன்றாம் தடவை கெம்பம்மாவும் பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி முக்காமல் ஏறியது.

இப்போது யார் வந்தாலும், எந்த ரோட்டில் எவ்வளவு சுமையோடு போவீர்கள் என்று கேட்ட பிறகே ஸ்பேனரை எடுக்கிறாள். துளை உயர்த்திய சிலிண்டரை மறுபடி கடைந்து, பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் ஜெட்டையும் மாற்றித் தன் வண்டியில் போட்டிருக்கிறாள். கிருஷ்ணகிரி ரோட்டில் அது சீறிக்கொண்டு போகிறது. அவளுக்குத்தான் திருப்தியில்லை. இந்த வாரம் இரண்டாவது தடவையாகக் கழற்றியிருக்கிறாள்.