தானாக அணைந்த கணினி

எண்பதுகளின் தொடக்கத்தில் துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தேன். பாலிடெக்னிக் முடித்த கையோடு கிடைத்த வேலை. கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

ஒருநாள் மேனேஜர் கையடக்கக் கணினி ஒன்றை வாங்கி வந்தார். கால்குலேட்டரைவிடச் சற்று நீளம், திரையில் ஒரே வரி. அதற்கு நான் ஒரு புரோகிராம் எழுதினேன். வெள்ளைக் கலவை டின்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடையைக் கொடுத்துவிட்டு, கடைசியில் பூஜ்யம் அழுத்தினால், மொத்தத்துக்கு எவ்வளவு நிறப்பொடி சேர்க்க வேண்டும் என்று சொல்லும்.

தராசில் வேலை செய்தது தோ பாயோவிலிருந்து வரும் ஓர் அக்கா. கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, வயது நாற்பதுக்கு மேல். இரண்டு நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். மூன்றாம் நாள் கேட்டார்.

“தம்பி, டின் வர லேட்டானா இது தானா அணைஞ்சு போகுதே?”

“பேட்டரி மிச்சம் பிடிக்கத்தான் அக்கா. ஆன் பண்ணிட்டு ரன் அழுத்துங்க, சரியாப் போயிடும்.” நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு பச்சை பெயிண்ட் முழுவதும் வெளிறிப் போய் வந்தது. மேனேஜர் எங்கள் இருவரையும் தராசுப் பக்கம் கூப்பிட்டார். நான் மேஜையில் வைத்துப் பத்து முறை ஓட்டிக் காட்டினேன். பத்து முறையும் சரியான விடை.

“அப்போ எங்கே தப்பு?” என்றார்.

“புரோகிராம்ல தப்பில்ல சார். அவங்க அவ்வளவா படிக்கல. எதையாவது மாத்தி அழுத்தியிருப்பாங்க.”

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அக்காவுக்குப் புரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் முகம் சிறுத்ததைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து டின் கழுவும் பகுதியில் நின்றார், முழங்கை வரை ரப்பர் கையுறையோடு.

ஒரு சனிக்கிழமை மாலை ஜாலான் புசாரில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். நண்பனுக்குக் காட்டப் பெருமையாகக் கணினியைக் கொண்டு போயிருந்தேன். மூன்று எடைகளைக் கொடுத்த நேரத்தில் பரோட்டா வந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது திரை இருண்டிருந்தது. ஆன் செய்து ரன் அழுத்தினேன். “எடை?” என்று கேட்டது. நான்காவதைக் கொடுத்துப் பூஜ்யம் அழுத்தினேன். ஒரே டின்னுக்கு உண்டான நிறப்பொடி அளவுதான் வந்தது.

புரோகிராமின் முதல் வரியில் பழைய எண்களையெல்லாம் அழிக்கச் சொல்லி நான்தான் எழுதியிருந்தேன். ரன் அழுத்தினால் அந்த வரியிலிருந்துதான் தொடங்கும். மேஜையில் நான் ஒருமுறைகூட அதை அணையவிட்டதில்லை. அக்கா நான் சொன்னபடியே செய்திருக்கிறார், ஒரு எழுத்துகூடப் பிசகாமல்.

திங்கட்கிழமை அந்த வரியைத் திருத்தினேன். எத்தனையாவது டின் என்றும் திரையில் வரச் செய்தேன். மேனேஜரிடம், “கொஞ்சம் மேம்படுத்தியிருக்கேன்” என்றேன். பாராட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அக்காவிடம் போய்ச் சொல்ல இரண்டு வாரம் ஆயிற்று. கழுவுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

“எனக்குத் தெரியும் தம்பி. நான் ஒண்ணும் மாத்தி அழுத்தல. நீங்க சார்கிட்ட இதைச் சொன்னீங்களா?”

“இல்லக்கா.”

“அப்போ என்கிட்ட ஏன் சொல்றீங்க?”



மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “விடு லா, இப்போ மெஷின் ஒழுங்கா ஓடுதுல்ல. தராசுக்கு வேற ஆளும் வந்தாச்சு,” என்று சொல்லிவிட்டு வேறு பேப்பரை எடுத்தார். அக்காவைத் திரும்ப அங்கே போடுங்கள் என்று நான் வற்புறுத்தியிருக்கலாம். வாய் வரவில்லை. அறையை விட்டு வெளியே வந்ததும் எனக்குள் எழுந்த முதல் உணர்ச்சி நிம்மதி. என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி. அக்காவைப் பற்றிச் சொன்ன வார்த்தையைக் காட்டிலும், இன்றைக்கு அந்த நிம்மதியை நினைத்தால்தான் கூசுகிறது.