பூட்டிய அலமாரியில் இரண்டாம் பாகம்

எந்தப் புத்தகத்தையும் நான் நம்பி எடுப்பதில்லை. என் பிழைப்பு அப்படி. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங்கில் நிற்கிறேன். பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு ஜோடியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். நூல் பிசிறு, பசைக் கறை, தோலில் கீறல், இடதுக்கும் வலதுக்கும் நிறத்தில் வித்தியாசம், எது தெரிந்தாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். பல வருஷம் இதையே செய்துவிட்டால் கண் வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. கல்யாணத்துக்குப் போனால் மணப்பெண்ணின் ஜாக்கெட்டில் தையல் விட்டிருப்பதுதான் எனக்கு முதலில் தெரியும். ஒருவரைத் தங்கமான மனுஷன் என்று யாராவது சொன்னால், பிசிறு எங்கே இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

போன வருஷம் படித்ததெல்லாம் இந்தக் கண்ணோடு படித்ததுதான். அதற்கு முன் எப்போதாவது படிப்பேன். யாரோ கம்பெனிக்குள் வீடியோ எடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று கேட்டிலேயே போனை வாங்கி வைக்க ஆரம்பித்த பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். சாயந்திரம் போனைத் திரும்ப வாங்க வரிசையில் நின்றால் பஸ் போய்விடும். அதனால் எங்களில் பலர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோம். குடியாத்தத்திலிருந்து வரவும் போகவும் கம்பெனி பஸ்ஸில் கை சும்மா இருந்தது. வீட்டில் படிக்க முடியாது. என் கணவர் முன் அறையில் விசைத்தறி போட்டிருக்கிறார். லுங்கி ஓடுகிற சத்தத்தில் மனசுக்குள் பேசுவதே காதில் விழாது.

மாமியாருக்குச் சர்க்கரை பார்க்க வேலூருக்குக் கூட்டிப்போகும் நாட்களில், அவர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது நான் பழைய புத்தகக் கடைக்குப் போய் வருவேன். எனக்கென்று சில பழக்கங்கள் உண்டு. பின்னட்டையில் இருக்கும் பாராட்டைப் படிக்க மாட்டேன். தன் சரக்கைத் தானே புகழ்கிறவன் எங்கோ ஓட்டையை மறைக்கிறான். கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவேன். முடிவை ஒளித்து வைத்துக்கொண்டு என்னை இழுத்தடிக்கிற ஆளை நான் ஏன் நம்ப வேண்டும்? வாங்கியதும் காலண்டர் தாளில் அட்டை போட்டுவிடுவேன். இல்லாவிட்டால் முன்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டு இந்த வயதில் காதல் கதை கேட்கிறதா என்று பஸ்ஸில் ஒரு கூட்டம் சிரிக்கும். எழுதினவர் பொய் சொல்கிறார் என்றோ எதையோ விழுங்குகிறார் என்றோ தோன்றும் வரியில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டுவேன். கீழே விழுந்து பசை போன ஸ்டிக்கர்கள்தான், எச்சில் தொட்டு ஒட்டினேன்.

அந்த வருஷம் பிடித்தவற்றில் ஒன்று, ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே எழுதியது. நாலு பக்கத்துக்கு ஒருமுறை மாமியாரைத் தெய்வம் என்கிறாள். எல்லாவற்றிலும் அம்பு ஒட்டினேன். கணவன் வெளியூர் போய்த் திரும்பிய ஒரு வருஷத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அந்த வருஷம் இந்த அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நான் மாதக்கணக்கில் யோசித்தேன். இவ்வளவு அழகாக மறைக்கத் தெரிந்தவள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. இன்னொன்று கொலைக் கதை. கொலைகாரனின் ரப்பர் சோல் இருட்டில் டக் டக் என்று சத்தம் போட்டதாம். ரப்பர் சோல் எங்கே சத்தம் போடும்? எழுதினவர் ஒரு நாளாவது எங்கள் கம்பெனி வாசலில் நின்றிருக்க வேண்டும். ஆனாலும் விடாமல் படித்தேன், திட்டுவதற்கு நல்ல புத்தகமாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது, பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டுக் கதை. மொழிபெயர்ப்பு. அப்பா செத்த பிறகு அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அக்காள் கடுகடு, வீட்டுச் சாவியெல்லாம் அவளிடம்தான். தங்கை ரொம்ப நல்லவள். ரொம்ப நல்லவள் என்றதுமே முதல் அம்பை ஒட்டிவிட்டேன். அக்காள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறாள், தங்கை அன்பாகச் சூப் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் அக்காள் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்கிறாள், முதல் பாகம் முற்றும் என்று இருக்கிறது. என் வித்தை பலிக்காத ஒரே புத்தகம் அது. இரண்டாம் பாகத்தைத் தேடி வேலூர்க் கடை முழுக்கத் தூசி தட்டினேன். கிடைக்கவில்லை.

அந்தக் கதையைத் தினமும் சாயந்திரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிற பெண்ணுக்குச் சொல்வேன். தையல் லைனில் இருக்கிறாள், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, என்னைவிடச் சின்னவள். படிக்கச் சொன்னால் தூக்கம் வருகிறது என்பாள், சொன்னால் கேட்பாள். தங்கை மேல் ஒரு தப்பும் இல்லை என்று சாதிப்பாள். சூப்பில் என்ன கலந்தாள் என்று நான் கேட்பேன். "உனக்கு யாரையும் நம்பவே வராதாக்கா" என்பாள். பாதி வழியில் மாதனூர் வரும்வரை சண்டை ஓடும். அந்த வருஷத்தில் நான் அதிகம் சிரித்தது அந்தச் சண்டைகளில்தான்.

மழைக்காலத்தில் ஒரு நாள் கேட்டில் பையைச் சோதித்தவர்கள் அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார்கள். மறுநாள் எச்.ஆர். சார் கூப்பிட்டு அனுப்பினார். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து காரில் வருகிறவர், குரலை உயர்த்த மாட்டார். சங்கம் வைக்க யாரோ உள்ளே ஆள் பிடிக்கிறார்கள் என்று அவருக்கு அந்தச் சமயம் ஒரே பயம். மேஜை மேல் என் புத்தகம் விரித்துக் கிடந்தது.

"இது இன்னாமா குறி?"

"சந்தேகம் வந்த இடம் சார்."

"யார் மேல சந்தேகம்?"

"அந்தத் தங்கச்சி மேல சார்."

"எந்த டிபார்ட்மென்ட்?"

கதையை விளக்கினேன். அவர் நம்பவில்லை. மடியில் கனம் இல்லை என்றால் புத்தகத்துக்கு அட்டை எதற்கு என்று கேட்டார். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். அம்பு இருந்த வரிகளை மட்டும் சேர்த்துப் படித்துப் பார்த்தாராம், ஒன்றும் அர்த்தம் வரவில்லை என்றார். எனக்கு அவர் முழுசாகவே படித்திருப்பார் என்று சந்தேகம். சாவிக்கொத்து வருகிற பக்கத்தில் மிக்சர் எண்ணெய் இருந்தது.

அடுத்த மாதம் சாப்பாட்டு அறைக்கு ஒரு கண்ணாடி அலமாரி வந்தது. மேலே தொழிலாளர் நூலகம் என்று புதுப் பலகை. வெளிநாட்டில் ஷூ வாங்குகிற கம்பெனி ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறது என்றால் எங்கள் இடத்தில் இப்படித்தான் எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு வருஷம் தொட்டில் கட்டிய குழந்தைகள் அறை வந்தது, குழந்தைதான் வரவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அலமாரிக்குள் போட்டித் தேர்வுப் புத்தகங்கள், சர்க்கரை நோய்க்குச் சமையல், ஜாதகம். பூட்டு போட்டிருந்தது. நான் வழக்கம்போல் கண்ணாடி வழியாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். கீழ்த்தட்டில், ஓரத்தில், அதே அக்காள் தங்கை கதையின் இரண்டாம் பாகம் இருந்தது.

அன்று முழுக்க ஷூவில் ஒரு குறையும் என் கண்ணில் படவில்லை. எச்.ஆர். சாரிடம் போய்ச் சாவி கேட்டேன். யார் கேட்கச் சொன்னார்கள் என்றார். யாரும் சொல்லவில்லை, படிக்கத்தான் என்றேன். பிறகு அவருக்கு ஏதோ உதித்தது, முகம் மாறியது. ஆடிட்டுக்கு வருகிற அம்மா நூலகத்தில் படிக்கிற ஒருத்தரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பாராம். மற்றவர்களை அனுப்பினால் உளறுவார்கள். நான் போய், இந்த வருஷம் படித்ததெல்லாம் இந்த அலமாரியில் எடுத்ததுதான் என்று சொன்னால் போதும்.

"சொல்லிடு. அந்த புக்கை நீயே வச்சிக்கோ."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாமியார் டோக்கனோடு உட்கார்ந்திருக்க, நான் தூசியில் தும்மித் தேடி, பேரம் பேசி வாங்கிய புத்தகங்கள். அந்த ஒரு வருஷம் எனக்கே எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதைத் தூக்கிக் கம்பெனி பேரில் வைக்கச் சொல்கிறார். பஸ்ஸில் என் பக்கத்துக்காரி, சொன்னால் என்ன குறைந்துவிடும், ஆடிட்டில் தவறி ஆர்டர் போனால் தையல் லைனைத்தான் முதலில் குறைப்பார்கள் என்றாள். இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை, சார் இவளிடமும் பேசியிருப்பாரோ என்றுகூட நினைத்தேன். ஆனால் அவள் சொன்னது உண்மை. எனக்கும் அந்தப் புத்தகம் வேண்டும். அதை மறைக்க மாட்டேன்.

ஆடிட்டுக்கு வந்தவர் சென்னையிலிருந்து வந்த தமிழ்ப் பெண். முதலுதவி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். உள்ளே போனவர்கள் எல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வெளியே வந்தார்கள். என் முறை வந்தது. அவர் பார்க்கிற பார்வையிலேயே தெரிந்தது, அவரும் என்னைப்போலப் பிசிறு தேடுகிறவர். புத்தகங்கள் எங்கே எடுத்தீர்கள் என்றார். அலமாரியில்தான் என்றேன். சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறேன் என்று நினைத்திருப்பார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்த வருஷம் படிச்சதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பேச ஆரம்பித்தேன். பிறகு நிறுத்தவே முடியவில்லை. மாமியாரைப் புகழ்ந்தவளின் காணாமல் போன வருஷத்தைச் சொன்னேன். ரப்பர் சோலைச் சொன்னேன், அவர் வாய்விட்டுச் சிரித்தார். அக்காளையும் தங்கையையும் சூப்பையும் சொன்னேன். அவர் தங்கை பக்கம் பேசினார், நான் விடவில்லை. அவரும் சின்ன வயதில் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாராம். அம்பு ஒட்டுவதைச் சொன்னதும் ஒட்டிக் காட்டச் சொன்னார். வெளியே மணி அடித்தது, ஷிப்டு முடிந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. முதல் பதிலைத் தவிர நான் அந்த அறையில் சொன்னது எல்லாம் உண்மை. அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் பேசியதில்லை. கடைசியில் அவர் பேனாவை எடுத்து, நல்ல நூலகம் என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அப்போது மட்டும் வயிறு எரிந்தது.

வெளியே எச்.ஆர். சார் வாசலிலேயே நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இவ்ளோ நேரம் இன்னா பேசின?"

"புத்தகத்தப் பத்தி சார்."

"அத விடு. வேற இன்னா கேட்டாங்க?"

எத்தனை தரம் சொன்னாலும் அவர் அதையேதான் கேட்டார். பஸ் எனக்காகக் காத்திருந்தது. ஏறினதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அங்கேயும் அதே கேள்வி, அதே பதில். யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள்.

ஆடிட் பாஸ் ஆனது. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு குறை. அவசர வழிக் கதவின் பக்கம் அட்டைப்பெட்டிகள் கிடக்கின்றன, அகற்ற வேண்டும். அந்த அட்டைகளை விரித்துத்தான் தையல் லைன் பெண்கள் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் முதுகைச் சாய்ப்பார்கள். சூப்பர்வைசர்கள் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். மறுநாளே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், அந்த இடத்தில் மஞ்சள் கோடு போட்டுவிட்டார்கள். ஆடிட் அம்மா கண்ணாலேயே பார்த்திருப்பார், அதற்குத்தானே வந்தார். ஆனால் அதே வாரத்தில் எச்.ஆர். சார் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் அலமாரியைத் திறந்து, சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கை நீட்டிப் புத்தகத்தை வாங்கினேன். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று யாரோ மெதுவாகச் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

அன்று சாயந்திரம் என் பக்கத்துக்காரி வழக்கமான இடத்தை விட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அட்டைப்பெட்டிகளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, கதை மட்டும்தான் பேசினோம் என்று சொன்னேன். சத்தியம்கூடச் செய்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தக் கதைய எனக்கு தினமும் மாதனூருக்குள்ள சொல்லி முடிச்சிடுவியேக்கா. அந்த அம்மாகிட்ட மட்டும் ஷிப்டு முடியறவரைக்குமா சொன்ன?"

நானாக இருந்தாலும் அந்த இடத்தில்தான் அம்பை ஒட்டியிருப்பேன்.

இரண்டாம் பாகத்தைப் படித்து முடித்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வருஷம் இன்னும் நிறையப் படிக்கலாம் போலிருக்கிறது. பஸ்ஸில் நான் ஏறினதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.