கொலுவுக்கு வந்த வேட்பாளர்

வேட்பாளர் எங்கே எப்போது பேச வேண்டும் என்று குறித்துக் கொடுப்பதுதான் அப்போது என் வேலை. பாதி நேரம் அவர் பேசியதற்கு மன்னிப்புக் கேட்பதிலேயே போய்விடும். பேச்சை நிறுத்தத் தெரியாத மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்டவர்களே, கொஞ்சம் அருகில் வாருங்கள்.

தொண்ணூறுகளில் அமெரிக்காவின் டெக்சாஸில், ரவுண்ட் ராக் என்ற ஊரில் டாம் மாநில சட்டசபைக்கு நின்றார். முதலில் பொருளாதாரப் பேராசிரியர், பிறகு வக்கீல், அதன்பிறகுதான் அரசியல் ஆசை. அவர் ஜெயித்தால் எனக்கு நிரந்தர வேலை. தோற்றால் மறுபடியும் வீடும் டிவியும்தான்.

வரி குறையுமா?

ஒரு கூட்டத்தில் வயதான விவசாயி எழுந்து, தன் வரி குறையுமா என்று கேட்டார். "குறையும்" என்று ஒரு வார்த்தை போதும். டாம் வகுப்பு எடுப்பதுபோல் எழுத ஒரு போர்டு கேட்டார். கோடு மேல் கோடாகப் போட்டார். நான் கடைசி வரிசையிலிருந்து ஜாடை காட்டியே கை ஓய்ந்தேன். விவசாயி தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் என்னிடம், "அவருக்குப் பதில் தெரியும்மா. எனக்குத்தான் கேள்வி மறந்துபோச்சு."

நோட்டீஸ்

'சாலைகளைச் சரிசெய்வேன்' என்று நோட்டீஸுக்கு எழுதிக் கொடுத்தேன். டாமுக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டார். நிதி நிலைமைக்கு உட்பட்டு, சபையின் ஒப்புதலுக்கு உட்பட்டு என்று அரைப் பக்கம் சேர்த்தார். அச்சகக்காரர் படித்துவிட்டுக் கேட்டார்: "இது ஓட்டுக் கேக்குற நோட்டீஸா, வாடகை அக்ரிமெண்டா?"

கொலு

தேர்தல் நெருங்க நெருங்க ஓட்டுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நவராத்திரி வந்தது. நம்மவர்கள் இருக்கிறார்களே என்று என் தோழி மீனா வீட்டுக் கொலுவுக்கு டாமைக் கூட்டிப்போனேன்.

கொலுவுக்கு வந்தால் பாட வேண்டும், விடுவார்களா? "சார், ஒரே ஒரு பாட்டு" என்றாள் மீனா. டாம் சம்மணம் போட்டு, பள்ளிக்கூடத்தில் கற்ற பாட்டைப் பாடினார். நிபந்தனை இல்லை, போர்டு இல்லை. வீடே கைதட்டியது. இரண்டு முறை சுண்டல் வாங்கிச் சாப்பிட்டார். "எங்க சப்போர்ட் உங்களுக்குத்தான் சார்" என்று ஆளாளுக்குக் கையைக் குலுக்கினார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

சமையலறையில் மீனாவிடம் நோட்டுப் புத்தகத்தை நீட்டி, ஓட்டுப் போடுகிறவர்களின் பெயர்களைக் கேட்டேன். அவள் அதை மூடி என்னிடமே திருப்பித் தந்தாள்.

"எல்லாரும் எச்-ஒன் விசாடி, வேலைக்கு வந்தவங்க. ஓட்டு ஏது? உனக்காவது சிட்டிசன்ஷிப் வந்துடுச்சா?"

எனக்கே வெறும் க்ரீன் கார்டுதான், ஓட்டுப் போட முடியாது. ஹால் நிறைய ஆட்களைப் பார்த்த மயக்கத்தில் அதெல்லாம் மறந்தே போனது. காரில் டாமிடம் ஒப்புக்கொண்டேன். அவர் மடியில் சுண்டல் பொட்டலத்தோடு சிரித்தார். "போகட்டும். நான் முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்து போகலையே!"

டாம் தோற்றார், என் வேலையும் போனது. மேஜையைக் காலி செய்தபோது அழுதேன். அடுத்த நவராத்திரிக்கு மீனா வீட்டில் எனக்கு முன்பே அவர் உட்கார்ந்திருந்தார்.

ஓட்டு இருந்தவர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை, பிடித்தவர்களுக்கு ஓட்டு இல்லை, அவரையும் ஓட்டையும் சேர்த்துவைக்கச் சம்பளம் வாங்கியவள் நான்.